கொன்றைக்கு நெருங்குன சொந்தம் யாரு? ஜீனை வச்சு அவரைக் குடும்பத்தைப் பிரிச்சுப் பார்க்கிறது எப்படி

கொன்றை மரத்துக்கு நெருங்குன சொந்தம் புளியமரமா, உளுந்துச் செடியான்னு கேட்டா யாரா இருந்தாலும் புளியமரம்னுதான் சொல்லுவாங்க. ரெண்டும் மரம், ரெண்டுக்கும் நீளமா காய், ரெண்டோட பூவும் பட்டாணிப் பூ மாதிரி இருக்காது, காலேஜ் புக்லயும் ரொம்ப காலமா ரெண்டையும் சிசால்பினியாய்டியேங்கிற ஒரே துணைக்குடும்பத்துலதான் போட்டிருந்தாங்க. ஆனா டிஎன்ஏ கிட்ட கேட்டா அது உளுந்துன்னு சொல்லுது.

இதை யாரோ சொன்னாங்கன்னு நம்ப வேணாம், ஒரு லேப்டாப்பும் நெட்டும் இருந்தா நீங்களே ஒரு நாள்ல போட்டுப் பார்க்கலாம், லேப் கூட தேவையில்ல. பாட்டனி படிக்கிற பசங்க நிறைய பேர் டாக்ஸானமின்னா, அதாவது வகைப்பாட்டியல்னா, லத்தீன் பேரை மனப்பாடம் பண்றதுன்னு நினைச்சு ஒதுங்கிடுறாங்க, எனக்கு அது உண்மையிலேயே வருத்தமா இருக்கு, ஏன்னா இந்த வேலையில இருக்குற சுகமே ஒரு மரத்தை, அதாவது யாரு யாருகிட்ட இருந்து பிரிஞ்சாங்கன்னு காட்டுற வம்சாவளிப் படத்தை, நீங்களே கட்டி அதுல யாரு யாரு பக்கத்துல நிக்கிறாங்கன்னு பார்க்குற அந்த நிமிஷம்தான்.

முதல்ல கொஞ்சம் பின்னணி. அவரைக் குடும்பம், அதாவது ஃபேபேசியே, பூக்குற தாவரங்கள்ல ஆர்க்கிட், சூரியகாந்தி குடும்பங்களுக்கு அடுத்து மூணாவது பெருசு. சுமார் 765 பேரினம், 19,500 இனம். இதை பூவைப் பார்த்து மூணா பிரிச்சு வச்சிருந்தாங்க. பட்டாணிப் பூ மாதிரி மேல ஒரு பெரிய இதழ், பக்கத்துல ரெண்டு, கீழ படகு மாதிரி சேர்ந்த ரெண்டுன்னு இருந்தா பாப்பிலியோனாய்டியே, தொட்டாச்சிணுங்கி மாதிரி மகரந்தத் தாள் எல்லாம் பஞ்சு உருண்டையா நீட்டிக்கிட்டு இருந்தா மைமோசாய்டியே, இந்த ரெண்டுலயும் சேராத மிச்சம் மீதி எல்லாம் சிசால்பினியாய்டியே. அந்த "மிச்சம் மீதி"லதான் பிரச்சனையே. 2017ல லெக்யூம் ஃபைலாஜெனி வொர்க்கிங் க்ரூப்னு உலகம் முழுக்க இருக்குற அவரைக் குடும்ப ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து மேட்கேங்கிற (matK) ஒரே ஒரு பசுங்கணிக ஜீனை 3,696 இனத்துல இருந்து எடுத்து, 698 பேரினத்தை ஒரே மரத்துல நிறுத்திப் பார்த்துட்டு மூணை ஆறாக்கினாங்க. நாம அதையே சின்ன அளவுல செய்யப் போறோம்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு விதியை மனசுல வாங்கிக்கோங்க. ஒரு குழுன்னு பேர் வைக்கணும்னா அதுல ஒரு மூதாதையும் அதோட வாரிசு அத்தனையும் இருக்கணும், ஒண்ணு கூட விடக்கூடாது, வெளியாளும் உள்ள வரக்கூடாது. ஒரு தாத்தாவோட பேரப்பிள்ளைங்க எல்லாரும் நிக்கிற போட்டோல கண்ணாடி போட்டவங்களை மட்டும் வெட்டி எடுத்து இவங்க தனிக் குடும்பம், மிச்சப் பேரு ஒரு குடும்பம்னு சொன்னா எப்படி இருக்கும்? பழைய சிசால்பினியாய்டியே அப்படித்தான் இருந்துச்சு. அண்ணன் தம்பில சில பேரைத் தூக்கி வேற பேர் வச்சுட்டு விட்டுப்போனவங்களை மொத்தமா ஒரு பையில போட்ட மாதிரி.

சரி வேலைக்கு வருவோம். எந்தச் செடியை எடுக்கிறதுங்கிறதுதான் மொத்த வேலையில பாதி, இதை அவசரமா செஞ்சீங்கன்னா பின்னாடி எந்த சாஃப்ட்வேரும் காப்பாத்தாது. நமக்குத் தெரிஞ்ச செடிகளையே எடுக்கலாம். மந்தாரை, புளி, அசோகு, சரக்கொன்றை, ஆவாரை, மயில்கொன்றை, தொட்டாச்சிணுங்கி, வாகை, கருவேலம், சீயக்காய், வன்னி, சீமைக்கருவேலம், துவரை, உளுந்து, நிலக்கடலை, கொண்டைக்கடலை. பதினாறு ஆச்சு. இங்க அசோகுன்னா கொத்துக் கொத்தா செவப்பா ஆரஞ்சா பூக்குற சராக்கா அசோகா, ரோட்டோரம் நெட்டையா ஒல்லியா நிக்கிற நெட்டிலிங்கம் இல்ல, அது சீத்தா குடும்பம், இதைத் தப்பா எடுத்துடாதீங்க. முடிஞ்சவரை குழுவுக்கு ரெண்டு மூணாவது இருக்கணும், ஒரு குழுவுல இருந்து ஒண்ணே ஒண்ணு எடுத்தா அந்தக் குழு ஒண்ணா நிக்குதா இல்லையான்னு சோதிக்கவே முடியாது. நம்ம பட்டியல்ல மந்தாரை அப்படித்தான் தனியா இருக்கு, அதோட குழுவை இதுல சோதிக்க முடியாது.

அப்புறம் வெளியாள் ரெண்டு பேர் கண்டிப்பா வேணும், அவுட்க்ரூப்னு சொல்லுவாங்க. அவரைக் குடும்பத்துக்கு வெளிய ஆனா அதே ஃபேபேல்ஸ் வரிசைக்குள்ள இருக்குற பாலிகாலா ஒண்ணு, சிலி நாட்டு சோப்புப்பட்டை மரமான குயில்லாஜா ஒண்ணு போதும். வெளியாள் இல்லாம மரம் கட்டினா வேர் எந்தப் பக்கம்னு தெரியாது, வேர் தெரியாத மரத்துல யாரு முதல்ல பிரிஞ்சாங்கன்னு பேசவே முடியாது.

டிஎன்ஏ பதிவுகளைச் சேர்த்து வச்சிருக்குற ஜென்பேங்க்ங்கிற ஆன்லைன் கிடங்குக்குப் போய் தாவரத்தோட தாவரவியல் பேரோட மேட்கேன்னு சேர்த்துத் தேடுங்க. புதுப் பேருல வரலைன்னா பழைய பேருலயும் தேடுங்க, கருவேலம் அக்கேசியா நிலோட்டிகான்னும் இருக்கும் வாச்செல்லியா நிலோட்டிகான்னும் இருக்கும். மேட்கே முழுசா இருந்தா A, T, G, Cன்னு சுமார் 1,500 டிஎன்ஏ எழுத்து வரும், 600, 700 எழுத்து துண்டும் நிறைய கிடக்கும், முடிஞ்சவரை நீளமானதையே எடுங்க. எடுக்கும்போது அந்தப் பதிவுல வவுச்சர்னு ஒரு வரி இருக்கான்னு பாருங்க, அதாவது இந்த டிஎன்ஏ எந்தச் செடியில இருந்து வந்துச்சோ அந்தச் செடியோட காய வச்ச சாம்பிள் ஒரு ஹெர்பேரியத்துல, அதாவது காய்ஞ்ச செடிகளைச் சேர்த்து வச்சிருக்குற இடத்துல, இருக்குன்னு நம்பரோட சொல்ற வரி. அது இருந்தா செடியை அடையாளம் கண்டது சரியான்னு யாரு வேணா போய் பார்க்கலாம். இல்லாததை வேற வழியே இல்லைன்னா மட்டும் எடுங்க.

எல்லாத்தையும் ஒரே டெக்ஸ்ட் ஃபைல்ல ஃபாஸ்டா ஃபார்மட்ல, அதாவது > குறியோட பேர் ஒரு வரி, அதுக்குக் கீழ எழுத்துகள்னு, ஒட்டுங்க, பேரை ஸ்பேஸ் இல்லாம சின்னதா மாத்திக்கோங்க, எதை ஜென்பேங்கோட எந்தப் பதிவு நம்பர்ல இருந்து எடுத்தீங்கன்னு தனியா ஒரு ஷீட்ல எழுதி வைங்க. இந்த ஷீட்டை சோம்பல்ல விட்டுட்டு ஆறு மாசம் கழிச்சு எந்தப் பதிவு எதுன்னு தெரியாம திரும்ப முதல்ல இருந்து செஞ்சவங்களை எனக்குத் தெரியும்.

அடுத்து அலைன் பண்றது. மாஃப்ட்னு ஒரு ப்ரோக்ராம், ஆன்லைன்லயே ஓடும், ஃபைலைக் கொடுத்தா ஒவ்வொரு செடியோட எழுத்துகளையும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா வரிசைப்படுத்திக் கொடுக்கும். கொடுத்ததை அப்படியே வாங்கிட்டு அடுத்த ஸ்டெப்புக்கு ஓடாதீங்க, திறந்து கண்ணால பாருங்க. மேட்கே புரதம் செய்யுற ஜீன், மூணு மூணு எழுத்தாத்தான் படிக்கப்படும், அதனால நடுவுல இடைவெளி வந்தா அது பெரும்பாலும் மூணோட மடங்குலதான் வரும். ஒரு எழுத்து ரெண்டு எழுத்து இடைவெளி நடுவுல தனியா நின்னுச்சுன்னா அந்த சீக்வென்ஸ்ல, அதாவது அந்தச் செடியோட எழுத்து வரிசையில, ஏதோ தப்புன்னு சந்தேகப்படுங்க.

நான் முதல் தடவை இதைச் செஞ்சப்ப நிலக்கடலை மட்டும் மரத்தை விட்டு ரொம்ப தூரத்துல, வெளியாளுக்கும் வெளிய, இவ்ளோ நீளக் கிளையில போய் நின்னுச்சு. ரெண்டு நாள் மாடலை மாத்தினேன், செட்டிங்கை மாத்தினேன், ஒண்ணும் ஆகல. மூணாவது நாள் அலைன்மென்ட்டை திறந்து பார்த்தா மத்த பதினேழு வரியும் கலர் கலரா நேர்க்கோட்டுல நிக்குது, நிலக்கடலை வரி மட்டும் தூவி விட்ட மாதிரி ஓட்டை ஓட்டையா கிடக்கு. விஷயம் என்னன்னா நான் நிலக்கடலையோட மேட்கேவை முழு பசுங்கணிக ஜீனோம்ல இருந்து இடம் பார்த்து வெட்டி எடுத்திருந்தேன், அந்த ஜீன் அங்க டிஎன்ஏவோட ரெண்டு இழையில எதிர் இழையில இருக்கு, நான் திருப்பாம அப்படியே ஒட்டிட்டேன். அதுக்கப்புறம் மாஃப்ட்ல திசையை சரிபார்க்குற ஆப்ஷனை ஆன் பண்ணாம நான் ஒரு தடவை கூட ஓட்டினதில்ல, நீங்களும் முதல்லயே ஆன் பண்ணிடுங்க.

மரம் கட்டுறதுக்கு ஐக்யூ-ட்ரீ போதும், அதுவும் வெப்ல இருக்கு. எந்த மாடல்னு, அதாவது எழுத்துகள் எப்படி மாறும்ங்கிறதுக்கு எந்தக் கணக்குன்னு, நீங்க யோசிக்க வேணாம், அதுவே பல மாடலைப் போட்டுப் பார்த்து பொருந்துறதை எடுத்துக்கும். ஒவ்வொரு கிளையையும் எவ்ளோ நம்பலாம்னு திரும்பத் திரும்பக் கட்டிச் சோதிக்கிற அல்ட்ராஃபாஸ்ட் பூட்ஸ்ட்ராப்பை 1,000ன்னு கொடுத்து ஓட விட்டா பதினெட்டு செடிக்கு டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சிடும். வந்த ஃபைலை மரத்தை வரைஞ்சு காட்டுற ஃபிக்ட்ரீங்கிற ப்ரோக்ராம்ல திறந்து பாலிகாலா, குயில்லாஜா பக்கம் வேரை வைங்க.

இப்ப படிக்கிறது எப்படின்னு பார்ப்போம், இங்கதான் எல்லாரும் தடுமாறுறாங்க. மரத்துல மேலயும் கீழயும் பக்கத்து பக்கத்து வரியில இருக்குறதால மட்டும் ரெண்டு செடி சொந்தம் ஆகிடாது, எந்தக் கிளையையும் அது பிரியுற முடிச்சுல பிடிச்சு திருப்பலாம், வரிசை மாறும், சொந்தம் மாறாது. சரக்கொன்றையில விரலை வைங்க, வேர் பக்கமா பின்னாடி போங்க, முதல் முடிச்சுல யாரோட சேருது, அடுத்த முடிச்சுல யாரோட சேருதுன்னு பாருங்க. கொன்றையோட ஆவாரை, மயில்கொன்றை, தொட்டாச்சிணுங்கி, வாகை, கருவேலம், வன்னி எல்லாம் ஒரே கூட்டமா வந்து சேரும். இன்னும் ஒரு படி பின்னாடி போனா துவரை, உளுந்து, நிலக்கடலை, கொண்டைக்கடலை கூட்டம் வந்து சேரும். அதுக்கும் பின்னாடி போனாத்தான் புளியும் அசோகும் இருக்குற கூட்டம் வரும். ஆரம்பத்துல கேட்ட கேள்விக்கு பதில் உங்க விரலுக்கடியிலயே இருக்கு.

ஒவ்வொரு முடிச்சுலயும் ஒரு நம்பர் இருக்கும். அல்ட்ராஃபாஸ்ட் பூட்ஸ்ட்ராப்ல 95க்கு மேல இருந்தா நம்பலாம், பழைய முறை பூட்ஸ்ட்ராப்ல 70ன்னு சொல்ற கணக்கை இங்க கொண்டு வராதீங்க, ரெண்டும் வேற அளவுகோல். மந்தாரை எங்க நிக்குதுங்கிற அடிக் கிளைகள்ல நம்பர் குறைவா வந்தா பயப்படாதீங்க, ஆறு துணைக்குடும்பமும் ரொம்ப கொஞ்ச காலத்துக்குள்ள அடுத்தடுத்து பிரிஞ்சதால ஆயிரம் ஜீனை வச்சுக் கட்டினவங்களுக்கே அந்த இடம் கஷ்டமாத்தான் இருந்துச்சு.

மரம் கிடைச்சாச்சு, ஆனா மரம் வேற, வகைப்பாடு வேற. எந்த இடத்துல வெட்டி பேர் வைக்கணும்னு மரம் சொல்லாது, அதை மனுஷங்கதான் முடிவு பண்ணணும். 2017ல இருந்த நிலைமை என்னன்னா தொட்டாச்சிணுங்கி, வாகை கூட்டம் தனக்குள்ள கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் நின்னுச்சு, ஆனா அது கொன்றை, மயில்கொன்றை கூட்டத்துக்குள்ள இருந்து முளைச்ச ஒரு கிளை. மைமோசாய்டியேன்னு பேரைக் காப்பாத்தணும்னா அதைச் சுத்தி இருக்குற ஒவ்வொரு சின்னக் கிளைக்கும் தனித்தனி துணைக்குடும்பப் பேர் வைக்கணும், எண்ணிக்கை எகிறிடும். அதனால மைமோசாய்டியேவை கொன்றை கூட்டத்தோட சேர்த்து புது அர்த்தத்துல சிசால்பினியாய்டியேன்னு வச்சாங்க, மந்தாரை செர்சிடாய்டியே, புளியும் அசோகும் டெட்டாரியாய்டியே, நம்ம பட்டியல்ல இல்லாத டயாலியம்ங்கிற பேரினத்தோட கூட்டம் டயாலியாய்டியே, மேற்கு ஆப்பிரிக்காவுல இருக்குற ஒரே ஒரு கொடிக்காக டுபார்க்வெட்டியாய்டியே, பட்டாணிப் பூக்காரங்க பழையபடி பாப்பிலியோனாய்டியே. பழகின பேரை இழந்ததுல நிறைய பேருக்கு மனசு கஷ்டம்தான், ஆனா எனக்கு இது சரியான முடிவாத்தான் படுது, ஏன்னா ஞாபகம் வச்சுக்க ஆறு பேரு போதும், ஒவ்வொண்ணும் முழுக் கிளை. 2024ல அந்தத் தொட்டாச்சிணுங்கி, வாகை கூட்டத்துக்கு மைமோசியேன்னு ட்ரைப் அளவுல, அதாவது துணைக்குடும்பத்துக்குக் கீழ்ப் படியில, பேர் திரும்பவும் கிடைச்சிடுச்சு.

பேர் மாத்துறது எவ்ளோ பெரிய சண்டையைக் கிளப்பும்னு தெரியணும்னா கருவேலம் கதையைப் பாருங்க. கருவேலம், சீயக்காய், ஆஸ்திரேலியாக்காரங்களோட வாட்டில் மரம் எல்லாம் ஒரு காலத்துல அக்கேசியா. ஜீனைப் பார்த்தா மூணும் மரத்துல வேற வேற இடத்துல நின்னுச்சு. அப்ப அக்கேசியாங்கிற பேர் யாருக்கு? விதிப்படி பேரோட மூல மாதிரி இனமா, அதாவது அந்தப் பேர் யாரோட ஒட்டிக்கிட்டு இருக்கோ அந்த இனமா, இருந்தது கருவேலம்தான், ஆனா ஆஸ்திரேலியாவுல கிட்டத்தட்ட ஆயிரம் இனம் அந்தப் பேர்ல இருக்கு. 2005ல வியன்னாவுல நடந்த உலகத் தாவரவியல் மாநாட்டுல மூல மாதிரியையே ஒரு ஆஸ்திரேலிய இனத்துக்கு மாத்தினாங்க, 2011ல மெல்போர்ன்ல அதை உறுதி பண்ணாங்க. கருவேலம் வாச்செல்லியா ஆச்சு, சீயக்காய் செனகாலியா ஆச்சு, நீலகிரியில சீகை மரம்னு சொல்ற வாட்டில் மட்டும் இன்னும் அக்கேசியாவாவே நிக்குது.

சீமைக்கருவேலம் கதை இன்னும் புதுசு. நம்ம கோயில்கள்ல தலவிருட்சமா இருக்குற வன்னியும், கண்மாய் கண்மாயா பரவிக் கிடக்குற சீமைக்கருவேலமும் ப்ரோசோபிஸ்ங்கிற ஒரே பேரினம்னு வச்சிருந்தாங்க. 2022ல சுமார் ஆயிரம் நியூக்ளியர் ஜீனை, அதாவது செல்லோட உட்கருவுல இருக்குற ஜீனை, வச்சுப் பார்த்தப்ப ப்ரோசோபிஸ் ஒரே கிளையா நிக்கல, ஒரு ஆப்பிரிக்க இனம் எங்கேயோ தள்ளிப் போய் நின்னுச்சு. அதனால வன்னியும் அதோட நெருங்குன ரெண்டு இனமும் மட்டும் ப்ரோசோபிஸா இருக்கு, அமெரிக்காவுல இருந்து வந்த சீமைக்கருவேலம் நெல்ட்டுமா ஜூலிஃப்ளோரா. மேட்கே ஒண்ணை மட்டும் வச்சு நீங்க கட்டின மரத்துல இந்த நெருக்கமான பிரிவு எல்லாம் தெளிவா வராது, அதுக்கு ஜீன் எண்ணிக்கை கூடணும்.

ஜீன் சொன்னதோட நிறுத்திடாதீங்க, செடிகிட்ட திரும்பப் போங்க. கருவேலங் கிளை ஒண்ணை உடைச்சுப் பாருங்க, இலை கிளம்புற இடத்துல ரெண்டு ரெண்டா, நேரா, வெளுப்பா முள் இருக்கும், அது இலையடிச் செதில் முள்ளா மாறினது. சீயக்காய் கொடியைப் பிடிச்சுப் பாருங்க, தண்டு முழுக்க அங்கங்க சின்னதா வளைஞ்ச கொக்கி முள், கையை இழுத்தா சட்டையோட பிடிச்சுக்கும். இந்த வித்தியாசம் எப்பவும் நம்ம கண்ணு முன்னாடியே இருந்துச்சு, எந்த அடையாளத்துக்கு எவ்ளோ மதிப்புன்னுதான் தெரியாம இருந்தோம். வேர் முடிச்சும் அப்படித்தான், உளுந்தைப் பிடுங்கினா வேர்ல உருண்டை உருண்டையா இருக்கும், புளியங்கன்னுல இருக்காது, ஆறு துணைக்குடும்பத்துல பாப்பிலியோனாய்டியே, புது சிசால்பினியாய்டியே ரெண்டுல மட்டும்தான் அந்த முடிச்சு போடுற செடிகளே இருக்கு. அதுக்காக கொன்றையில தேடாதீங்க, கொன்றை போடாது, அந்தக் கூட்டத்துலயும் எல்லாம் போடுறதில்ல.

சொந்தமா இலை எடுத்து டிஎன்ஏ பிரிக்கப் போறவங்களுக்கு சில விஷயம். இளம் இலையா எடுங்க, சின்னதா கிழிச்சு டீ வடிகட்டுற பேப்பர் பையில போட்டு சிலிக்கா ஜெல்லுக்குள்ள புதைங்க, இலை எடையைப் போல பத்து மடங்கு ஜெல் இருக்கணும், ஒரு நாளுக்குள்ள நொறுங்குற அளவுக்குக் காயணும், மெதுவா காய்ஞ்சா டிஎன்ஏ துண்டு துண்டாகிடும். காட்டுப் பகுதின்னா வனத்துறை அனுமதி இல்லாம ஒரு இலை கூட பறிக்காதீங்க. சிடாப்ங்கிற (CTAB) ரசாயனத்தை வச்சு டிஎன்ஏ பிரிக்கிற முறையில கருவேலம் மாதிரி துவர்ப்பு நிறைய இருக்குற இலைன்னா கரைசல் பழுப்பாகி அடியில வழவழன்னு தங்கும், அந்த டிஎன்ஏ பிசிஆர்ல, அதாவது டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்குற ஸ்டெப்ல, வேலை செய்யாது, பிவிபி, மெர்கேப்டோஎத்தனால்ங்கிற ரெண்டு ரசாயனத்தையும் சேர்த்து, குளோரோஃபார்ம் கழுவலை இன்னொரு தடவை செய்யுங்க, குளோரோஃபார்மை ஃப்யூம் ஹூட்டுக்கு, அதாவது ஆவியை வெளிய இழுக்குற லேப் பெட்டிக்கு, வெளிய திறக்கவே திறக்காதீங்க. சீக்வென்ஸ் பண்ணக் கொடுக்கும்போது ரெண்டு பக்கத்துல இருந்தும் படிக்கச் சொல்லுங்க.

மேட்கே பசுங்கணிகத்துல இருக்குறது, பெரும்பாலான பூக்குற செடிகள்ல தாய் வழியா மட்டும் வரும். ரெண்டு இனம் கலந்து பிறந்த செடின்னா அப்பா பக்கம் இதுல தெரியவே தெரியாது. அதனால நெருங்குன இனங்களைப் பிரிக்கப் போறீங்கன்னா நியூக்ளியர் ஜீனும் சேர்த்து எடுத்து ரெண்டு மரத்தையும் பக்கத்துல வச்சுப் பாருங்க, ஒத்துப் போகலைன்னா அங்க ஒரு கதை இருக்குன்னு அர்த்தம். இப்ப 353 நியூக்ளியர் ஜீனை ஒரே தடவையில பிடிக்கிற கிட் இருக்கு, 2024ல லண்டன்ல இருக்குற கியூ தாவரவியல் தோட்டத்துக்காரங்க தலைமையில அதை வச்சு கிட்டத்தட்ட 8,000 பேரினத்துக்கு மரம் கட்டினாங்க, அதுல கிட்டத்தட்ட 200 வருஷம் முன்னாடி காய வச்ச ஹெர்பேரியம் செடியில இருந்து எடுத்த டிஎன்ஏவும் இருக்கு.

அதனாலதான் சொல்றேன், இலை எடுக்குற ஒவ்வொரு செடிக்கும் பூவோட காயோட ஒரு கிளையை அழுத்திக் காய வச்சு, இடம், தேதி, ஊர்ல சொல்ற பேர் எல்லாம் எழுதி ஹெர்பேரியம் ஷீட்ல ஒட்டி வைங்க. பேர் மாறினா பழைய லேபிளை அடிக்காதீங்க, கிழிக்காதீங்க. பக்கத்துல சின்னதா ஒரு ஸ்லிப்ல புதுப் பேர், யாரு பார்த்தது, எந்தத் தேதின்னு எழுதி ஒட்டுங்க, அடுத்து வர்றவங்க ஒட்டுறதுக்கும் கொஞ்சம் இடம் விடுங்க.